கோர்ட் கலையும் வரை

நான் சிறைத் தண்டனை அனுபவித்தவள். இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களிடம் நான் வற்புறுத்துவதும் இல்லை. சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவைக்க அது என்ன பட்டமா? ஆனாலும் தண்டனை தண்டனைதான். டவாலி என் பெயரைக் கூவி அழைக்க, நீதிபதி வாயால் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தண்டனை. கொலை கொள்ளை ஒன்றும் செய்துவிடவில்லை. காப்பித்தூளில் சிக்கரி கலந்து விற்றேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்களுக்குக் காப்பித்தூள் கடை இருந்தது. என் வீட்டுக்காரர் மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மண்ணோடு மல்லுக்கட்டப் பிடிக்காமல் டவுனுக்கு வந்து, ஒரு காப்பிக் கடையில் வேலை பார்த்து, பிறகு தனியாகக் கடை போட்டார். கடை போடும்போது ஜோசியர் ஒருவர், "ஒனக்கு ஏழரைச் சனி நடக்கு. எதைத் தொட்டாலும் வெளங்காது. சம்சாரம் பேர்ல ஆரம்பி" என்று சொல்லிவிட்டார். அதனால் லைசென்ஸ் என் பெயரில். பெயர்ப்பலகையிலும் என் பெயர். கல்லாப்பெட்டிச் சாவி மட்டும் அவர் இடுப்பில். இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சனி அவரை விட்டுவிட்டு விலாசம் விசாரித்துக்கொண்டு என்னிடம் வரும் என்று அப்போது யார் கண்டது?

கடையை ஒரு நாள்கூட அடைக்காத மனுசர் அவர். மூத்தவள் பிறந்த அன்று ராத்திரி கடையை எடுத்துவைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்ததும் குழந்தையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஏவாரம் பரவால்ல" என்று சொன்னார். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கெட்டவர் இல்லை. அவர் படைக்கப்பட்ட விதம் அப்படி.

மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோவேன். அவர் உள்ளே காப்பிக்கொட்டை மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த நேரத்துக்கு மட்டும் நான் தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவேன். வருகிறவர்கள் யாரும் காப்பித்தூள் வேண்டும் என்று கேட்பதில்லை. அந்தக் கடையில் வேறென்ன கிடைக்கும்? "அக்கா, கால் கிலோ. சிக்கரி கம்மியா" என்பார்கள். அல்லது, "வீட்டுக்கு விருந்தாளுக வந்திருக்காக, சிக்கரி தூக்கலாப் போடுங்க" என்பார்கள். எங்கள் பேச்செல்லாம் சிக்கரியைப் பற்றித்தான். ஒன்றும் சொல்லாதவர்களுக்கு வழக்கமான அளவு. அவ்வளவுதான் வியாபாரம்.

அன்றைக்கு அவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பியூன். பியூனை நான் கவனிக்கவில்லை. வந்தவர், "காப்பித்தூள் குடுங்க" என்றார். ஊருக்குப் புதிது போல, கல்யாணம் ஆகாத பையன் போல என்று நினைத்தேன். இப்படித் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு வாய்க்கிற பாலெல்லாம் தண்ணீராகத்தான் இருக்கும். டிகாஷனாவது திக்காக இறங்கட்டும் என்று, வழக்கத்தைவிட ஒரு கரண்டி சிக்கரி கூடவே போட்டுக் கலந்து கொடுத்தேன். என் நல்ல மனசை என்னவென்று சொல்ல!

காசைக் கொடுத்துவிட்டு அவர் தான் யார் என்று சொன்னார். ஃபுட் இன்ஸ்பெக்டர். பியூன் பையிலிருந்து பாட்டில்களை எடுத்தார். நான் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து மூன்று பங்காக்கி, மூன்று பாட்டிலில் போட்டு, நூல் சுற்றி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்கள். இவர் தயிர்ச்சோற்றுக் கையோடு ஓடிவந்து நின்றார். இன்ஸ்பெக்டர் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. "இதுல சிக்கரி இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லாம?" என்றேன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. சிக்கரி கலப்பது குற்றமில்லையாம். இதில் சிக்கரி கலந்திருக்கிறது, இத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று பொட்டலத்தின் மேல் அச்சடித்து ஒட்டாததுதான் குற்றமாம். நாங்கள் காக்கித்தாளில் மடித்துச் சணல் சுற்றிக் கொடுக்கிறவர்கள். எங்கள் சந்தில் காப்பிப் பொட்டலத்தின் மேல் சிக்கரி என்று எழுதி ஒட்டுவது, சேலையில் 'இது சேலை' என்று எழுதி ஒட்டுவதைப் போலத்தான். எழுதி ஒட்ட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் யாரையும் கேட்டதில்லை. சட்டத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. என் பெயருக்கு. விற்றவளும் நான், லைசென்ஸ்காரியும் நான். இவர் பெயர் அதில் எங்கேயுமே இல்லை.

இங்கேதான் எதிர்க்கடைக்காரர் வருகிறார். பாத்திரக்கடை வைத்திருந்தவர், இவருக்கு மாமன் முறை. சந்தில் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் முதல் யோசனை அவருடையது. சம்மனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அட, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கீக? எடைக்கல்லுல முத்திரை இல்லன்னு போன வருசம் என்னையப் புடிக்கல? நேராப் போனேன். ஆமாங்க, தப்புத்தேன்னு கும்பிட்டேன். அபராதத்தப் போட்டு அனுப்பிட்டாக. வக்கீல் கிக்கீலுன்னு போனேன்னு வையி, இழுத்தடிச்சுருவாக. ஒத்துக்கிட்டு வந்துரு மாப்ள, மத்தியானச் சோத்துக்குக் கடைக்கு வந்துரலாம்."

நாங்களும் அப்படியே போனோம். மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்து, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். "ஆமாங்கய்யா, சிக்கரி போட்டேன். லேபில் ஒட்டல" என்றேன். அவர் குனிந்து எழுதினார். பிறகு நிமிராமலே ஆறு மாதச் சிறை, அதோடு அபராதம் என்றார். யாரோ வேறு ஆளுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் இவர் நின்றிருந்தார்.

எடைக்கல் சட்டம் வேறு, சாப்பாட்டுச் சட்டம் வேறு. சாப்பாட்டுச் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனையே ஆறு மாதம். அந்த இடத்திலேயே எதிர்க்கடைக்காரரை ஒரு பிடி பிடித்திருப்பேன். ஆனால் அப்பீல் போடும்வரை ஜாமீனில் விடுவதற்கு ஆள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போடுவதற்கு அவர்தான் வந்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஜாமீன் காகிதம் தயாராகிற வரைக்கும் ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் என்னை உட்காரவைத்திருந்தார்கள். இளையவள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாளே, வீடு பூட்டியிருக்குமே என்பது ஒன்றுதான் என் மனதில் ஓடியது.

தல்லாகுளத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். வயதானவர், பொறுமைசாலி. நாங்கள் நடந்ததைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா, குத்தம் செஞ்சேன்னு நீங்களே வாயால சொல்லிட்டீங்க. இனிமே செய்யலைன்னு அப்பீல்ல சொல்ல முடியாது. அந்தக் கதவு அடைச்சாச்சு. தண்டனை ஜாஸ்தி, கொறைங்கன்னு மட்டுந்தான் கேக்கலாம்."

"கொறைப்பாகளா?" என்று இவர் கேட்டார்.

"விசேஷ காரணம் இருந்தா ஆறு மாசத்துக்குக் கீழ கொறைக்கச் சட்டத்துல எடம் இருக்கு. லேபில் குத்தத்துக்கு அந்த எடம் உண்டு. காரணம் இருக்கான்னு ஜட்ஜுதான் சொல்லணும். நான் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது."

செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அந்த மாதங்களில் நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் வேறெப்போதும் பயந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் அம்மா வீட்டுக்குப் போகிற பஸ் அரசரடி ஜெயிலைத் தாண்டித்தான் போகும். அதுவரை அந்த மதிலை ஒரு நாளும் நான் பார்த்ததாக நினைவில்லை. இப்போது பஸ்ஸில் அந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் மதில் முடிகிறபாடாக இல்லை. அடுத்த தடவையிலிருந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன்.

உள்ளே போவது நிச்சயம் என்று நானே முடிவு செய்துகொண்டு வேலையில் இறங்கினேன். அழுதுகொண்டு மூலையில் உட்காரும் பழக்கம் எனக்கில்லை. ஆறு மாதத்துக்கு ஆகிற அளவுக்கு மிளகாயும் மல்லியும் காயப்போட்டு அரைத்துவைத்தேன். வடகம் போட்டேன். நார்த்தங்காயை உப்பில் போட்டேன். பெண்கள் இரண்டு பேருக்கும் தாங்களே தலை பின்னிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தேன். கடைசியாக வீட்டுக்காரர். அவரை அடுப்பு முன்னால் நிறுத்திச் சோறு வடிக்கச் சொன்னேன். முதல் நாள் கஞ்சியோடு பாதிச் சோறும் போனது. இரண்டாம் நாள் காலில் கொட்டிக்கொண்டார். "காப்பிக்கொட்டைய மட்டும் கருகாம வறுக்கத் தெரியுதுல்ல? அதுக்கு வாய்க்கிற கை இதுக்கு மட்டும் எங்க போச்சு?" என்று சத்தம் போட்டேன். காலில் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் வந்து நின்றார். அவர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்ட நாளில்தான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது. ரசம் நன்றாக இருந்தது. நான் இல்லாவிட்டாலும் இந்த வீடு நடந்துவிடும் என்று தோன்றிவிட்டது. அதற்காகத்தான் இத்தனை பாடும். ஆனாலும் அதைத் தாங்க முடியவில்லை.

அப்பீல் விசாரணைக்கு நாள் வந்தது. பெண்களைப் பாத்திரக்கடைக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, பையில் இரண்டு சேலையும் சீப்பும் எண்ணெய்ப் புட்டியும் எடுத்து வைத்துக்கொண்டேன். தண்டனை உறுதியானால் அப்படியே உள்ளே போக வேண்டியதுதான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இவர் அந்தப் பையைப் பார்க்காத மாதிரி நடந்துவந்தார்.

கோர்ட் வாசலில் வக்கீல் என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அம்மா, இன்னைக்கு நீங்க வாயத் தொறக்கக் கூடாது. போன தடவை தொறந்தது போதும்."

கேஸ் கூப்பிட்டார்கள். வக்கீல் எழுந்து காரணங்களைச் சொன்னார். முதல் குற்றம். பெண். சின்னப் பிள்ளைகள் இரண்டு. கலந்ததை மறைக்கவில்லை, கேட்டதுமே இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கிறாள். நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்து, புளியங்கொட்டை மாதிரி வேறு ஏதாவது கலந்திருந்ததா என்று கேட்டார். அந்தக் காலத்தில் காப்பித்தூளில் புளியங்கொட்டையை வறுத்து அரைத்துக் கலக்கிற புண்ணியவான்களும் இருந்தார்கள். அரசு வக்கீல் புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்லை, சிக்கரி மட்டும்தான்" என்றார். நல்ல மனுசர். இழுக்காமல் சொன்னார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏம்மா, சிக்கரி இருக்குன்னு நீங்களா வாங்குறவங்ககிட்ட சொல்றது இல்லையா?"

நான் வக்கீலைப் பார்த்தேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். சரி, நீதிபதி கேட்டால் பதில் சொல்லாமல் நிற்க முடியுமா?

"எல்லாருக்கும் தெரியும்ங்கய்யா. எம்புட்டுப் போடணும்னு அவுகதேன் சொல்லுவாக. இந்த இன்ஸ்பெக்டரய்யா ஒண்ணும் சொல்லல. தனியா இருக்கற புள்ள போலன்னு நெனச்சு, ஒரு கரண்டி கூடப் போட்டுட்டேன்."

கோர்ட்டில் சிரித்தார்கள். டவாலிகூடச் சிரித்துவிட்டு, பிறகு எல்லோரையும் அதட்டினார். நீதிபதி சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, குனிந்துவிட்டார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு இங்கிலீஷில் படித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வக்கீலின் முகம் மட்டும் விரிந்தது.

"ஆறு மாசம் போச்சும்மா. கோர்ட் கலையற வரைக்கும் சிறை. அபராதம் அப்படியே. அதைக் கட்டிரலாம்."

"அப்படின்னா?"

"ஜட்ஜு சாயங்காலம் எந்திரிச்சுப் போற வரைக்கும் இங்கனயே உக்காந்திருக்கணும். அதுதான் உங்க ஜெயில். அவர் போனதும் நீங்க வீட்டுக்குப் போகலாம்."

டவாலி கடைசி வரிசையில் ஜன்னலோரத்து பெஞ்சைக் காட்டினார். பையை மடியில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அப்படித்தான் என் சிறைவாசம் ஆரம்பித்தது.

வக்கீல் இவரிடம், "நீங்க இருக்கணும்னு இல்ல. கடையப் பாருங்க. சாயங்காலமா வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். இவரும் சரி என்று தலையாட்டினார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனார். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மத்தியான வியாபாரம் முக்கியம்தானே என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெஞ்சு அசைந்தது. பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"கடை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"லைசென்ஸ் யாரு பேர்ல இருக்கு? மொதலாளி உள்ள இருக்கையில வேலைக்காரன் எப்படிக் கடையத் தொறக்கறது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டவாலி முறைத்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வந்த வழக்குகளை எல்லாம் நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம். வரப்புத் தகராறில் மண்டையை உடைத்துக்கொண்ட அண்ணன் தம்பி வந்தார்கள். ஆட்டைத் திருடியவன் ஒருவன், அது தானாகப் பின்னால் வந்தது என்று வக்கீல் மூலமாகச் சொன்னான். எங்களுக்குப் பொழுது நன்றாகவே போனது. யார் பக்கம் நியாயம் என்று இவர் என் காதில் சொல்வார். இல்லை என்று நான் அவர் காதில் சொல்வேன். இந்த மனுசருக்கு இத்தனை பேசத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இடையில் நீதிபதி எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். "எங்கம்மா கெளம்பிட்டீக? அவர் சாப்பாட்டுக்குப் போறாரு. கலையல" என்றார் டவாலி. கோர்ட் வளாகத்தைத் தாண்டாமல் சாப்பிட்டுக்கொள்ளச் சொன்னார். இவர் கேண்டீனிலிருந்து இரண்டு பொட்டலம் எலுமிச்சைச் சாதம் வாங்கி வந்தார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிரித்தோம்.

முதல் வாயை எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமாகி அத்தனை வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. மத்தியானம் அவர் மூட்டைக்குப் பின்னால் சாப்பிடும்போது நான் தராசடியில் இருப்பேன். ராத்திரி அவர் வருவதற்குள் நான் பிள்ளைகளோடு சாப்பிட்டுவிடுவேன். அவர் சோற்றை இடது ஓரத்திலிருந்து ஒழுங்காக, கதிர் அறுக்கிற மாதிரி, குறைத்துக்கொண்டே வருவார் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்ன பாக்குற?" என்றார்.

"ஒண்ணுமில்ல. எலுமிச்சஞ்சோறு எப்படி இருக்கு?"

"உப்புக் கம்மி. நான் வச்சா இதவிட நல்லா வப்பேன்."

சொல்லிவிட்டு என் பொட்டலத்தில் இருந்த ஊறுகாயைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மரத்தடியில் காற்று நன்றாக அடித்தது. பக்கத்தில் ஒரு குமாஸ்தா யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தார். அவசரமாகக் கழுவவேண்டிய தூக்குவாளி இல்லை, அடுத்து வரப்போகும் ஆள் இல்லை. நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். தண்டனைக் காலத்தில் அப்படி இருக்கலாமா கூடாதா என்று வக்கீலைக் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்தோம். உண்ட மயக்கத்தில் இவர் தலை என் தோளில் சாய்ந்தது. இத்தனை கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் என்ன இது என்று முதலில் கூச்சமாக இருந்தது. தட்டி எழுப்பக் கையை எடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? நான் ஏற்கெனவே கைதி.

அன்றைக்கு என்னவோ கடைசி வழக்கில் சாட்சி வரவில்லை. தள்ளிவைத்துவிட்டு, வெயில் இறங்குவதற்கு முன்பே நீதிபதி எழுந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் எழவில்லை. தோளில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். டவாலி வந்து, "முடிஞ்சிருச்சும்மா, நீங்க போகலாம்" என்று சொல்ல, இவர் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் வக்கீல் நின்றிருந்தார். "என்னம்மா, சந்தோஷந்தானே?"

"சந்தோஷந்தேங்கய்யா. ஆனா, இவுக இப்படிப் பக்கத்துல உக்காந்திருப்பாகன்னு தெரிஞ்சிருந்தா ஆறு மாசத்தையே இருந்து கழிச்சிருப்பேன்" என்றேன்.

வக்கீல் சத்தமாகச் சிரித்தார். நானும் வேடிக்கையாகத்தான் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். படியில் இறங்கும்போது, காலையில் பார்க்காத மாதிரி நடந்தாரே, அந்தப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பஸ் நிறுத்தத்தில் எங்கள் பக்கம் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறினால் சாயங்கால வியாபாரத்துக்குக் கடையைத் திறந்துவிடலாம்.

"ஆத்துப் பாலம் வரைக்கும் நடந்து போவமா?" என்று கேட்டார்.

நடந்தோம்.